இரா. செழியனைப் படியுங்கள்: தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குச் சென்றிருக்கும் 39 பேருக்கும், மாநிலங்களவையில் நம் மாநிலத்தின் சார்பில் அமர்ந்திருக்கும் 18 பேருக்கும் வணக்கம்.

உங்களுக்கு முன்னால் அதே இரண்டு அவைகளிலும் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல். அவர் இரா. செழியன். மக்களவையில் 1962 முதல் 1977 வரை, பிறகு மாநிலங்களவையில் 1978 முதல் 1984 வரை இருந்தவர். 2017 ஜூன் 6 அன்று வேலூரில் 94 வயதில் காலமானார். அவருடைய நூற்றாண்டும் 2023-ல் வந்து போய்விட்டது. உங்களில் சிலர் அவரைப் பார்த்துப் பழகியிருக்கலாம். இளையவர்களில் சிலர் பெயரை மட்டும் கேள்விப்பட்டிருக்கலாம். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் எம்.பி. வேலை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள விரும்பினால், அவர் வாழ்க்கையைவிட நல்ல பாடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை என்று நான் நம்புகிறேன்.

தேர்தல் பிரசாரத்தில் உங்கள் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: தொகுதிக்கு என்ன செய்தீர்கள்? பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இத்தனை நிழற்குடை, இத்தனை உயர்கோபுர விளக்கு, இத்தனை சமுதாயக் கூடம், ரேஷன் கடைக்குக் கட்டடம். எல்லாம் தேவையானவைதான், மறுக்கவில்லை. ஆனால் இவை ஊராட்சியும் நகராட்சியும் மாநில அரசும் செய்ய வேண்டியவை. இவற்றுக்காக மட்டும் ஒருவரை டெல்லிக்கு அனுப்ப வேண்டியதில்லை. டெல்லியில் மட்டும் நடக்கிற வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்ததற்காகவோ செய்யாததற்காகவோ யாரும் உங்களைக் கேட்பதே இல்லை. செழியன் அதைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்தார்.

அவர் பிறந்தது 1923-ல், தஞ்சைச் சீமையின் திருக்கண்ணபுரத்தில். பெற்றோர் வைத்த பெயர் சீனிவாசன். அண்ணன் நாராயணசாமிதான் பிற்காலத்தில் நாவலர் நெடுஞ்செழியன். அண்ணன் மாநில அரசியலுக்கு வந்து அமைச்சராகவும் இரண்டு முறை இடைக்கால முதலமைச்சராகவும் இருந்தார். தம்பியின் களம் நாடாளுமன்றமாக அமைந்தது.

1962 தேர்தலில் பெரம்பலூரில் வென்று அவர் மக்களவைக்குள் போனபோது திமுகவுக்கு அங்கே இருந்தது 7 இடம். எதிரே காங்கிரசுக்கு 361. ஏழு பேரை வைத்துக்கொண்டு எந்த மசோதாவையும் தோற்கடிக்க முடியாது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரவே 50 பேர் எழுந்து நிற்க வேண்டும். ஆனாலும் அவையின் விதிகள் சிறிய கட்சிக்கும் சில வழிகளைத் திறந்து வைத்திருக்கின்றன. கேள்வி நேரம் இருக்கிறது. அமைச்சரின் பதில் போதவில்லை என்றால் அரைமணி நேர விவாதம் கேட்கலாம். துறைவாரியாகச் செலவுக்கு அரசு அவையிடம் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை வரும்போது, அதில் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்லி ஒரு வெட்டுத் தீர்மானம் கொடுத்து, அந்த நூறு ரூபாயைச் சாக்காக வைத்து ஒரு துறையின் குறைபாட்டை அவையின் நடுவில் வைத்துவிடலாம். இந்த வழிகள் தெரிந்தவருக்கு எண்ணிக்கை பெரிய தடை இல்லை. எதிரணியில் இருந்தவர்களும் உட்கார்ந்து கேட்கிற அளவுக்கு விதிகளையும் கணக்குகளையும் கரைத்துக் குடித்தவர் என்ற பெயர் செழியனுக்கு அங்கேதான் கிடைத்தது. இந்தியோடு ஆங்கிலமும் தொடரலாம் என்ற ஆட்சிமொழிச் சட்டம் வந்த 1963 உட்பட, இந்தி பேசாத மாநிலங்களுக்கு உயிர்ப் பிரச்சினையான நாட்களில் அவையில் இருந்த சின்னஞ்சிறு திமுக அணியில் அவரும் ஒருவர்.

1967-ல் கும்பகோணத்தில் வென்றார். அந்த முறை திமுகவுக்கு 25 இடம். 1971-ல் மறுபடியும் கும்பகோணம். (அந்தத் தொகுதியே இன்று இல்லை. கும்பகோணம் இப்போது மயிலாடுதுறைத் தொகுதிக்குள் வருகிறது.) நான் உங்களைக் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்வது இந்த 1971-ஐத்தான்.

அந்தத் தேர்தலில் திமுகவும் இந்திரா காந்தியின் காங்கிரசும் கூட்டணி. அதற்கு முன்பே, 1969-ல் காங்கிரஸ் பிளந்து இந்திராவின் அரசு பெரும்பான்மை இழந்தபோது அதைத் தாங்கிப் பிடித்தவர்களில் திமுகவும் இருந்தது. இப்படிப்பட்ட சூழ்நிலையில் 1971 முதல் 1973 வரை பொதுக் கணக்குக் குழுவின் தலைவராகச் செழியன் இருந்தார். ஆளுங்கட்சிக்கு வெளியே உள்ளவரை அந்தப் பதவியில் உட்கார வைக்கும் மரபு 1967-ல் சுதந்திராக் கட்சியின் மினு மசானியோடு தொடங்கியது. அவருக்குப் பிறகு வாஜ்பாய், வாஜ்பாய்க்குப் பிறகு செழியன்.

அந்தக் குழுவின் வேலை என்ன? அரசு செலவழித்த ஒவ்வொரு காசும் நாடாளுமன்றம் ஒதுக்கிய காரியத்துக்குத்தான் போனதா என்று பார்ப்பது. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். அமைச்சர்கள் யாரும் உறுப்பினராக இருக்க முடியாது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரான சிஏஜியின் தணிக்கை அறிக்கையை மேசையில் வைத்துக்கொண்டு, துறைச் செயலாளரை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். இந்தப் பக்கத்தில் இவ்வளவு ஒதுக்கினீர்கள், அந்தப் பக்கத்தில் செலவு வேறாக இருக்கிறதே, ஏன்? அதற்குப் பதில் வர வேண்டும். பதில் சரியில்லை என்றால் குழு அறிக்கையில் எழுதும். அதன் மேல் என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று அரசு திரும்பவும் பதில் சொல்ல வேண்டும். கேமரா கிடையாது, கைதட்டல் கிடையாது, கொறடாவின் உத்தரவும் கிடையாது. படித்துவிட்டு வந்தவர் பேசுவார், படிக்காமல் வந்தவர் சும்மா இருப்பார். கட்சித் தலைமை தோழமையாக இருக்கும் ஓர் அரசின் கணக்கை, அந்தத் தோழமையைப் பொருட்படுத்தாமல் பார்க்க வேண்டிய நாற்காலி அது. உங்களில் இன்று ஆளுங்கூட்டணிப் பக்கம் இருப்பவர்களும், நாளை இருக்கப் போகிறவர்களும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாநில உரிமைக்கும் அவர் உழைத்தார். மத்திய, மாநில உறவுகள் பற்றித் தமிழ்நாடு அரசு அமைத்த இராஜமன்னார் குழுவின் அறிக்கையை ஆராய்வதற்கு அமைந்த செழியன்–மாறன் குழுவில் அவரும் முரசொலி மாறனும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். 1974 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியதற்குப் பின்னால் அந்த உழைப்பும் இருந்தது. நிதிப் பகிர்வு பற்றியும் ஆளுநர் பற்றியும் இன்று நீங்கள் பேசுகிறீர்களே, அதற்கான அடிப்படை அன்றைக்கே தாளில் எழுதப்பட்டுவிட்டது.

அப்புறம் 1975.

ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஜூலை 21 அன்று மக்களவை கூடியபோது எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். கூடிய உடனே கேள்வி நேரத்தை நிறுத்திவைக்கத் தீர்மானம் வந்தது. அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கும் இடமில்லை, அரசு கொண்டுவருகிற அலுவல் மட்டும்தான். நெருக்கடி நிலைக்கு ஒப்புதல் கேட்ட தீர்மானத்துக்கு ஆதரவாக 336 பேர், எதிராக 59 பேர். எதிர்த்துப் பேசியவர்களில் செழியனும் ஒருவர். அன்றைக்குச் சென்னையில் அவருடைய கட்சி ஆட்சியில் இருந்தது. டெல்லியில் வாயைத் திறந்தால் சென்னையில் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியே ஆனது. 1976 ஜனவரி 31 அன்று திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. அவரோடு அதே அவையில் இருந்த செங்கல்பட்டு உறுப்பினர் சிட்டிபாபு சென்னை மத்திய சிறையில் அடிபட்டு, 1977 ஜனவரியில் உயிரிழந்தார்.

அப்போது அவையில் ஒருவர் என்ன பேசினாலும் வெளியே யாருக்கும் தெரியாது. நாடாளுமன்றச் செய்திகளுக்கும் தணிக்கை இருந்தது. அவையில் பேசியதை உள்ளபடி வெளியிடும் பத்திரிகைக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் ஒன்று 1956-லேயே இருந்தது. பெரோஸ் காந்தி தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றிய சட்டம் அது. 1976-ல், அவருடைய மனைவி இந்திரா காந்தியின் ஆட்சியிலேயே அது நீக்கப்பட்டது. 1977-ல் ஜனதா அரசு திரும்பக் கொண்டுவந்தது. ஆக, 1975-லும் 76-லும் அவையில் எழுந்து எதிர்த்துப் பேசியவர்கள் மறுநாள் பத்திரிகையில் தங்கள் பெயர் வராது என்று தெரிந்தேதான் பேசினார்கள். அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்பதற்காகப் பேசினார்கள். அரை நிமிட வீடியோவாக வெட்டிப் பரப்புவதற்கென்றே தயாராகும் இன்றைய பேச்சுகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த 59 பேர் நினைவுக்கு வருகிறார்கள்.

நெருக்கடி நிலை முடிந்த பிறகு செழியன் திமுகவை விட்டு ஜனதா கட்சிக்குப் போனார். மாநிலங்களவையில் இருந்தார். நீதிபதி ஜே.சி. ஷா ஆணையம் நெருக்கடி நிலைக் கொடுமைகளை விசாரித்து, 1978-ல் மார்ச், ஏப்ரல், ஆகஸ்ட் என்று மூன்று பகுதியாக அறிக்கை கொடுத்தது அந்தக் காலத்தில்தான். அமைச்சரவையைக் கேட்காமலே நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும், டெல்லிப் பத்திரிகைகளுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டதும், பழைய டெல்லியின் துர்க்மான் கேட்டில் வீடுகள் இடிக்கப்பட்டதும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்திலும் இந்தியப் பாதுகாப்பு விதிகளிலும் உள்ளே தள்ளப்பட்டதும் ஆவணங்களோடு அதில் இருக்கின்றன. 1980-ல் இந்திரா காந்தி மீண்டும் பதவிக்கு வந்தார். அதன் பிறகு அந்த அறிக்கை கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. அதன் பிரதிகள் அழிக்கப்பட்டுவிட்டன என்ற பேச்சும் இருந்தது.

செழியன் தன்னிடமிருந்த பிரதியைப் பத்திரமாக வைத்திருந்தார். 2010-ல், எண்பத்தேழு வயதில், முழு அறிக்கையையும் தன் முன்னுரையோடு நூலாகக் கொண்டுவந்தார். வெளியிட்டது சென்னையின் ஆழி பதிப்பகம். அந்த வேலையைச் செய்திருக்க வேண்டியது நாடாளுமன்றமோ, அடுத்தடுத்து வந்த அரசுகளோதான். நெருக்கடி நிலையை எதிர்த்துச் சிறைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர் பிறகு பிரதமராகவும் அமைச்சராகவும் இருந்தார்கள். பதவியில் இல்லாத, வயதான ஒரு முன்னாள் எம்.பி.தான் அதைச் செய்தார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த செயல் இது. அவையில் வைக்கப்பட்ட தாள் மக்களுடைய சொத்து என்று அவர் உண்மையாகவே நினைத்தார். உங்கள் அலுவலகத்துக்கும் கட்டுக்கட்டாக அறிக்கைகள் வருகின்றனவே, அவற்றை யாராவது பிரித்துப் பார்க்கிறார்களா?

நடுவில் 1984-ல் தென்சென்னையில் நின்றார். காங்கிரஸ் வேட்பாளர் வைஜயந்திமாலா பாலியிடம் தோற்றார். இந்திரா காந்தி கொல்லப்பட்ட அனுதாப அலை வீசிய தேர்தல் அது, அதனால் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டு அவைகளிலும் அவ்வளவு உழைத்த ஒருவர் அதன் பிறகு எந்த அவைக்கும் போகவில்லை. அந்த இழப்பு தமிழ்நாட்டுக்குத்தான்.

அவையை விட்டு வெளியே வந்த பிறகும் நாடாளுமன்றத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார். அதில் உங்களை நேரடியாகத் தொடும் விஷயம், எம்.பி. ஒவ்வொருவரும் தொகுதிப் பணிகளுக்குப் பரிந்துரைக்க ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் தொகுதி மேம்பாட்டு நிதி. 1993 டிசம்பரில் நரசிம்ம ராவ் அரசு அதைக் கொண்டுவந்தது. முதலில் 5 லட்சம், மறு ஆண்டே 1 கோடி, 1998-ல் 2 கோடி, 2011 முதல் 5 கோடி. இந்தத் திட்டமே கூடாது என்று செழியன் எழுதினார். அவருடைய வாதம் எளிமையானது. பணத்தைச் செலவழிப்பது அரசின் வேலை, சரியாகச் செலவழித்ததா என்று கேட்பது நாடாளுமன்றத்தின் வேலை. கேட்க வேண்டியவர் கையில் பணத்தைக் கொடுத்து இந்த வேலைக்குச் செலவிடுங்கள் என்று சொல்ல வைத்தால், அப்புறம் யார் யாரைக் கேட்பது? பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக இருந்தவர் இதைச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். அரசியல் சட்டத்தின் செயல்பாட்டை ஆராய்ந்த வெங்கடாசலய்யா ஆணையமும் 2002-ல் இந்த நிதியை நிறுத்தச் சொன்னது. 2010-ல் உச்ச நீதிமன்றம் திட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி கேள்வி முடிந்துவிட்டது, சரி. செழியன் கேட்ட கேள்வி முடியவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-26 மத்திய பட்ஜெட் ஏறத்தாழ 50 லட்சம் கோடி ரூபாய். உங்கள் தொகுதி நிதி 5 கோடி. பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்குக்குக் கல்வெட்டு வைக்கிறோம், திறப்பு விழா நடத்துகிறோம். மிச்சம் முழுவதும் மக்களவையின் ஓட்டோடுதான் நிறைவேறுகிறது. 2018 மார்ச்சில் எல்லாத் துறைகளின் மானியக் கோரிக்கைகளும் நிதி மசோதாவும் விவாதமே இல்லாமல் அரைமணி நேரத்தில் மக்களவையில் நிறைவேறின. அவையில் அன்றைக்கு அமளி இருந்தது, அமளி செய்தவர்களிடம் நியாயமான காரணங்களும் இருந்தன. இருந்தாலும் ஒரு நாட்டின் முழு ஆண்டுச் செலவு அப்படிப் போகக்கூடாது.

உங்கள் தரப்பு நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. 1952-57-ல் முதல் மக்களவை 677 நாள் கூடியது, 2019-24-ல் 17-வது மக்களவை 274 நாள்தான் கூடியது. 15-வது மக்களவையில் பத்தில் ஏழு மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்குப் போயின, 17-வதில் ஆறில் ஒன்றுகூடப் போகவில்லை. அந்த ஐந்து ஆண்டும் துணை சபாநாயகரே தேர்ந்தெடுக்கப்படவில்லை. 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில், நெருக்கடி நிலையில் நடந்ததுபோலவே, கேள்வி நேரம் இல்லாமல் போனது. 2023 டிசம்பரில் இரண்டு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் இருந்தார்கள். வேலை செய்ய விட்டால்தானே செய்வோம் என்று நீங்கள் கேட்டால் அதில் உண்மை இருக்கிறது. இத்தனைக்கு நடுவிலும் திருச்சி சிவா 2015 ஏப்ரல் 24 அன்று திருநர் உரிமைக்கான தனிநபர் மசோதாவை மாநிலங்களவையில் நிறைவேற்றிக் காட்டினார். 45 ஆண்டுகளில் அப்படி ஒரு மசோதா அந்த அவையில் நிறைவேறியது அதுவே முதல் முறை. கதவு முழுவதும் மூடவில்லை.

எனவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

மசோதா வரும்போது அதைக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி, கட்சி பார்க்காமல், 57 பேரும் எழுத்தில் கேளுங்கள். காவிரி என்றால் ஒன்றாக நிற்கிறோம், நீட் என்றால் ஒன்றாக நிற்கிறோம். நடைமுறைக்காகவும் ஒரு முறை ஒன்றாக நின்று பாருங்கள். குழுக் கூட்டங்களுக்குத் தவறாமல் போங்கள். 24 துறைசார் நிலைக்குழுக்களில் நீங்கள் எதில் இருக்கிறீர்கள், எத்தனை கூட்டத்துக்குப் போனீர்கள், என்னென்ன கேள்வி கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது என்று ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தொகுதியில் வெளியிடுங்கள். நிழற்குடைப் பட்டியலையும் அதே தாளில் போட்டுக்கொள்ளுங்கள், தவறில்லை. மக்கள் படிக்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கிரிக்கெட் ஸ்கோரையும் தேர்தல் கணக்கையும் விரல் நுனியில் வைத்திருக்கிறவர்கள் இதையும் படிப்பார்கள்.

தொகுதி நிதியை விட்டுக்கொடுங்கள் என்று கேட்டால் நடக்காது என்று தெரியும். அதைப் பற்றி அவையில் ஒரு விவாதமாவது கேளுங்கள். அது வரை, எந்த ஊருக்கு என்ன தேவை என்பதைக் கிராம சபை சொல்லட்டும். செலவுக் கணக்கு அந்த ஊரிலேயே ஒட்டப்படட்டும்.

செழியனின் நாடாளுமன்றப் பேச்சுகள் மக்களவை, மாநிலங்களவை நடவடிக்கைக் குறிப்புகளில் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நாடாளுமன்ற மின்னூலகத்தில் பழைய குறிப்புகளைத் தேடிப் படிக்கலாம். அவற்றில் தேர்ந்தெடுத்தவற்றைத் தமிழில் கொண்டுவர ஏற்பாடு செய்யுங்கள். குறிப்பாக, 1975 ஜூலையில் பேசியதை. அவர் எந்தெந்தக் கட்சியில் இருந்தார் என்பதெல்லாம் இதற்குக் குறுக்கே வர வேண்டாம். இளைஞர்கள் முதன்முதலாகத் தேர்தலில் நிற்க வரும்போது கையில் கொடுக்க அப்படி ஒரு நூல் நமக்கு வேண்டும்.

அடுத்த பட்ஜெட் கூட்டத்தொடரில் ஆளுக்கு ஒரு துறையை எடுத்துக்கொண்டு அதன் மானியக் கோரிக்கையை வரிக்கு வரி படியுங்கள். மக்களவையில் இருப்பவர்கள் ஒரு வெட்டுத் தீர்மானமாவது கொடுங்கள். மாநிலங்களவையில் இருப்பவர்கள் அந்த அமைச்சகத்தின் மேல் ஒரு கேள்வியாவது போடுங்கள். எந்தத் துறை, என்ன கேள்வி என்பதைக் கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே எங்களுக்குச் சொல்லிவிடுங்கள். நாங்கள் பின்தொடர்ந்து படிக்கிறோம்.

அன்புடன்,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்